பம்பை மாற்றச் சொல்வதற்கு முன்னால்: கார் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

கார் கம்பெனிகளின் சர்வீஸ், உதிரிபாகப் பிரிவுகளில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

என்னுடையது 2010 மாடல் டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரலாம். இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் பம்ப், ஆயில் டப்பா, ஹோஸ் என்று இருக்கிற பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் ரிவர்ஸ் எடுக்க ஸ்டீயரிங்கை ஒடித்தபோது 'உய்ய்ங்' என்று ஒரு முனகல் வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறியது. ரெண்டு வாரத்தில் வண்டி நிற்கும் இடத்தில் சிவப்பாக நாலு சொட்டு ஆயில்.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பம்ப் போய்விட்டது, முழு அசெம்ப்ளி மாற்ற வேண்டும், கூலியோடு 24,000 ரூபாய் என்று சொன்னார்கள். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டேன். "சீல் தனியா வராது சார், அசெம்ப்ளிதான்" என்றார் கவுன்டரில் இருந்த தம்பி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருடைய கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் தெருமுனையில் இருபது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். அவர் முதலில் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். சிவப்பு ஆயில், ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் மாதிரி நுரைத்துப்போய் இருந்தது. "காத்து இழுக்குதுப்பா" என்றார், அவ்வளவுதான். டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸின் முனை பதினாலு வருஷ இன்ஜின் சூட்டில் காய்ந்து இறுகிப்போய், கிளாம்ப்பும் தளர்ந்திருந்தது. இன்ஜின் ஓடும்போது அந்த இடைவெளி வழியாகப் பம்ப் காற்றை உள்ளே உறிஞ்சும், இன்ஜினை நிறுத்தினால் அதே இடைவெளி வழியாக ஆயில் வெளியே வழியும். சத்தமும் கசிவும் ஒரே ஓட்டையால் வந்தவை. புது ஹோஸ், ரெண்டு கிளாம்ப், ஒரு லிட்டர் ஆயில் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வேலையை அவர் சொல்லச் சொல்ல என் வீட்டு வாசலில் நானேதான் செய்தேன்.

இதை நான் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உள்ளே ஒரு ரோட்டர், அதன் காடிகளில் மெல்லிய தகடுகள், சுற்றும் வேகத்தில் அவை வெளியே தள்ளப்பட்டு ஆயிலை அழுத்துகின்றன. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது அழுத்தம் 70, 100 பார் அளவுக்கெல்லாம் போகும், அது டயர் காற்றைவிட முப்பது மடங்குக்கும் மேல். அழுத்தத்தைத் தருவதும் அதே ஆயில்தான், தகடு தேயாமல் காப்பதும் அதே ஆயில்தான். அதில் காற்று கலந்தால் பம்ப் முனகும், முனகிக்கொண்டே மாசக்கணக்கில் ஓடினால் ஐம்பது ரூபாய் கிளாம்ப் கோளாறு நிஜமாகவே பம்பைத் தின்றுவிடும். அதனால்தான் வண்டிக்காரனுக்கு இது சீக்கிரம் தெரிய வேண்டும் என்கிறேன். என் வண்டியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி இருப்பது ஒரே வரி: ஆயில் அளவைப் பார்க்கவும், குறைந்தால் டீலரை அணுகவும்.

அந்த ஒரு வரிக்குப் பதிலாக ஒரு பக்கம் எழுதுங்கள். ஸ்டார்ட் செய்தவுடனோ, ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிக்கும்போதோ கீச்சென்று கத்தினால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள் என்று எழுதுங்கள், தளர்ந்திருக்கலாம், இல்லை மேலே ஆயில் பட்டு வழுக்கலாம். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகலுக்கு ஆயில் அளவு, நுரை, உறிஞ்சும் பக்க ஹோஸ், அப்புறம் டப்பாவுக்குள் இருக்கும் சல்லடை. அந்தச் சல்லடை அடைத்துக்கொண்டால் பம்புக்கு ஆயில் போதாமல் அதே சத்தம்தான் வரும், டப்பாவைக் கழற்றிக் கழுவினாலோ மாற்றினாலோ சரியாகிவிடும். கரகரவென்று உறுமினால், பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அது சுற்றும் சக்கரமான புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்கும்போது ஆட்டம் தெரிந்தால், அப்போது பேரிங். அந்த நிலையில் பம்பை மாற்றச் சொல்லுங்கள், நானே மறுபேச்சில்லாமல் மாற்றுவேன்.

கசிவுக்கும் அப்படித்தான். எல்லா இடத்தையும் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட்டி, நிறுத்தியபின் டார்ச்சை வைத்துப் பார்த்தால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். புல்லிக்குப் பின்னாலிருந்து வந்தால் ஷாஃப்ட் (புல்லி மாட்டியிருக்கும் தண்டு) சீல். பின்மூடியைச் சுற்றி வந்தால் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். பிரஷர் ஹோஸ் போல்ட்டில் வந்தால் பல நேரம் ரெண்டு செம்பு வாஷர்தான். ஷாஃப்ட் சீல் மாற்றுவது வாசலில் உட்கார்ந்து செய்ய எல்லோருக்கும் ஏற்ற வேலை இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன், நட்டு இல்லாமல் அழுத்திப் பொருத்திய புல்லியைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும், சுத்தியலால் தட்டினால் பம்ப் கெட்டுவிடும். ஆனால் புல்லர் வைத்திருக்கும் பட்டறைகள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு இல்லாதது உங்கள் முத்திரையோடு ஒரு சீல் கிட். அது கிடைக்காததால் அளவுக்கு அளவு பார்த்து எதையோ வாங்கிப் போடுகிறார்கள், ஆறு மாசத்தில் மறுபடி ஒழுகுகிறது.

பாதுகாப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் அந்தக் கவலை இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விடுவதால் யாரும் பத்திரமாக இருப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஆயில் குறைந்ததும் கையில் இருந்த பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டார். மினரல் ஆயிலுக்காகச் செய்த ரப்பர் சீல்களை அது ஊதவைத்துக் கெடுத்துவிடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பல வண்டிகளுக்குச் சிவப்பு நிற ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிறச் செயற்கை ஆயில், ஹோண்டா தன் வண்டிகளுக்கென்று தனி ஆயிலே சொல்கிறது. இதை மூடியின் மேல் அழியாத எழுத்தில், தமிழிலும் போடுங்கள். ஓடும் இன்ஜினில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அந்த அழுத்தத்தில் பீச்சும் ஆயில் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும் என்று எழுதுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கலாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றும் எழுதுங்கள்.

காற்றை வெளியேற்றுவதைக் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் வீட்டில் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். நானும் முதல் தடவை ஆயிலை ஊற்றியவுடன் இன்ஜினைப் போட்டேன், சத்தம் முன்பைவிட மோசமாகி வயிற்றைக் கலக்கிவிட்டது. பட்டறை அண்ணன்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டு மேல் நிறுத்தி (வெறும் ஜாக்கியை நம்பக்கூடாது), இன்ஜினைப் போடாமலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாக இருபது தடவை ஒடிக்க வேண்டும். டப்பாவில் குமிழ் வரும், அளவு இறங்கும், இறங்க இறங்க ஊற்ற வேண்டும். குமிழ் நின்றபிறகுதான் இன்ஜின். அப்போதும் கோடியில் அஞ்சு விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முடிவில் ஸ்டீயரிங்கை ஒடித்தபோது டீசல் இன்ஜினின் தடதட மட்டும்தான் கேட்டது, என் மகள் "அழறது நின்னுடுச்சு" என்றாள்.

இந்தக் கோரிக்கை புதிது இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அசல் உதிரிபாகங்களும் பழுதுபார்க்கும் தகவலும் வெளிச்சந்தையில் கிடைக்காதது பற்றிய வழக்கில்தான் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022-இல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக அமைத்த குழு எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. வழக்கு, குழு எல்லாம் அதன் வழியில் போகட்டும். ஒரு ஷாஃப்ட் சீலுக்கும் ரெண்டு ஓ-ரிங்குக்கும் தனிப் பார்ட் நம்பர் கொடுக்க நீங்கள் எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

புது வண்டிகளில் மோட்டாரில் இயங்கும் ஸ்டீயரிங் வந்துவிட்டது, அதில் பம்பும் இல்லை ஆயிலும் இல்லை, இன்னும் சில வருஷத்தில் இந்தப் பிரச்சினையே இருக்காது என்று உங்களில் யாராவது நினைக்கலாம். எங்கள் ஊர் ஸ்டாண்டில் வாடகைக்கு ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஹைட்ராலிக்தான். 24,000 ரூபாய் அந்த டிரைவர்களில் ஒருவருக்கு ஒரு மாசத்து வீட்டுச் செலவு. அதைக் கொடுக்க முடியாமல்தான் சத்தத்தோடும் கசிவோடும் ஓட்டுகிறார்கள், ஆயில் தீர்ந்து வளைவில் ஸ்டீயரிங் கல்லாக இறுகுகிற நாள்வரை.

சீல் கிட்டையும் டப்பாவின் சல்லடையையும் தனியாக விற்பனைக்கு விடுங்கள். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் சேருங்கள், பழைய மாடல்களுக்கும் இணையத்தில் போடுங்கள். "பம்ப் போச்சு" என்று சொல்வதற்கு முன் நுரை, ஹோஸ், கிளாம்ப் மூன்றையும் பார்த்ததாக ஜாப் கார்டில் மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு எழுதி அனுப்புங்கள். பக்கத்தை எழுத ஆள் வேண்டுமென்றால் எங்கள் பட்டறை அண்ணன் தயார், கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
பதினாலு வருஷமாக ஒரே வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும் உங்கள் வாடிக்கையாளர்