கென்யாவின் கோப்புகளைக் கென்யாவிடமே கொடுங்கள்

பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். கென்ய மக்களின் விடுதலைப் போராட்டத்தைப் பற்றி உங்கள் காலனி அதிகாரிகள் எழுதிவைத்த கோப்புகள் இப்போது லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் மூலத் தாள்களை நைரோபிக்கு அனுப்பிவைக்கும்படி கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். நான் கென்யாவைச் சேர்ந்தவன் அல்ல, தமிழன். எனக்கு இதில் என்ன அக்கறை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் போராட்டம் நிலத்துக்காகத் தொடங்கியது. வளமான மேட்டு நிலங்கள் வெள்ளைக் குடியேறிகளுக்கு ஒதுக்கப்பட்டன. அதில் தங்கள் நிலத்தை இழந்த கிகூயு இன மக்கள் அதே மண்ணில் கூலி வேலை செய்தார்கள். குடிசைக்கு வரி கட்டினார்கள். 'கிபாண்டே' என்ற அடையாளச் சீட்டைச் சுமந்து திரிந்தார்கள். எத்தனையோ மனு கொடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் சுதந்திர கென்யாவின் தலைவரான ஜோமோ கென்யாட்டா 1929-இல் லண்டனுக்கே வந்து முறையிட்டார். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரிட்டனுக்காக பர்மா வரை போய்ச் சண்டையிட்ட கறுப்பின வீரர்கள் ஊர் திரும்பியபோது, புதிதாக நிலம் கிடைத்தது வெள்ளையர்களுக்குத்தான். அதன் பிறகே அபர்டேர் காடுகளிலும் கென்யா மலையிலும் ஆயுதம் ஏந்தியவர்கள் கூடினார்கள். நீங்கள் அவர்களை மாவ் மாவ் என்றீர்கள்.

1952 அக்டோபர் 20 அன்று நெருக்கடி நிலை அறிவித்தீர்கள். அதன் பிறகு தூக்கிலிடப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்டு, வேலியிட்ட கிராமங்களில் அடைக்கப்பட்டார்கள். போராளிகளும் கொடுமை செய்தார்கள். 1953 மார்ச்சில் லாரி என்ற இடத்தில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கொலைகளை உலகமே அறிய நீங்கள் பரப்பினீர்கள், போராளிகள் என்று சந்தேகித்தவர்களை அடைத்துவைத்த உங்கள் தடுப்பு முகாம்களில் நடந்ததைப் பூட்டி வைத்தீர்கள். 1959 மார்ச் 3 அன்று ஹோலா முகாமில் 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டபோது, தண்ணீர் குடித்த பிறகு இறந்துபோனார்கள் என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது.

கென்யாவின் அட்டர்னி ஜெனரல் எரிக் கிரிஃபித் ஜோன்ஸ் 1957 ஜூனில் ஆளுநர் ஈவ்லின் பேரிங்குக்கு எழுதிய கடிதத்தில், பாவம் செய்வதென்றால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்றார். சட்டத்தைக் காக்க வேண்டிய அதிகாரி எழுதிய வரி அது. இப்படிப்பட்ட தாள்கள் சுதந்திர கென்யாவின் கையில் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக 1961-இல் உத்தரவு போட்டீர்கள். கோப்புகள் தரம் பிரிக்கப்பட்டன. ரகசியக் கோப்புகளைத் தொடும் உரிமை ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு மட்டும்தான். எரித்தால் சாம்பலையும் உடைத்துவிட வேண்டும், கடலில் போட்டால் எடை கட்டிய பெட்டிகளில் வைத்துக் கரையிலிருந்து வெகு தூரத்தில் ஆழமான இடத்தில் போட வேண்டும் என்றுகூட வழிமுறை இருந்தது. எரிக்காத மிச்சத்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனீர்கள்.

1963 டிசம்பர் 12 அன்று கென்யா விடுதலை பெற்றது. 1967-இலேயே கென்ய அரசு அந்தத் தாள்களைத் திருப்பிக் கேட்டது. நீங்கள் மறுத்தீர்கள்.

முகாம்களில் சித்திரவதைப்பட்ட முதியவர்கள் 2009-இல் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கின் அழுத்தத்தால்தான் 2011-இல் ஹான்ஸ்லோப் பார்க் என்ற உங்கள் அலுவலக வளாகத்தில் ஒளித்து வைத்திருந்த கோப்புகள் இருப்பதையே ஒப்புக்கொண்டீர்கள். அதே வழக்கில் உங்கள் வாதம் என்ன? விடுதலை நாளோடு பொறுப்பெல்லாம் கென்ய அரசுக்குப் போய்விட்டது என்றீர்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் இந்த வாதத்தின் மேல்தான். செய்த குற்றத்துக்கான பொறுப்பு மட்டும் நைரோபிக்குப் போக வேண்டும், அதற்கான சாட்சித் தாள்கள் உங்களிடமே இருக்க வேண்டும் என்றால் என்ன நியாயம்?

2013-இல் 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு கொடுத்து வருத்தம் தெரிவித்தீர்கள். சரி, அதை மதிக்கிறேன். ஆனால் தாள்கள் இன்னும் திரும்பவில்லை. தன் தாத்தா எந்த முகாமில் இருந்தார் என்று மூலத் தாளில் பார்க்க விரும்பும் கென்ய மாணவி விசா வாங்கி லண்டனுக்கு வர வேண்டியிருக்கிறது.

இனி என் அக்கறையைச் சொல்கிறேன். காட்டுப் படையின் தலைவர்களில் ஒருவரான டெடான் கிமாத்தியை 1957 பிப்ரவரி 18 அன்று நைரோபியின் கமிட்டி (Kamiti) சிறையில் தூக்கிலிட்டீர்கள். அவர் மீது நிரூபித்த குற்றம் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1949 மே 4 அன்று, மலாயாவில் ஒரு தமிழரைத் தூக்கிலிட்டீர்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி. அவர் மீதும் துப்பாக்கி வைத்திருந்ததாகத்தான் வழக்கு, அங்கேயும் நெருக்கடி நிலைச் சட்டம்தான். மலாயாக் கோப்புகளும் இலங்கைக் கோப்புகளும் ஹான்ஸ்லோப் பார்க்கில்தான் கென்யாக் கோப்புகளோடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே இதைக் கென்யாவின் தனிப்பிரச்சினை என்று என்னால் விட முடியவில்லை.

கிமாத்தியின் உடல் சிறை வளாகத்தில் அடையாளம் இல்லாத குழியில் புதைக்கப்பட்டது. அவருடைய மனைவி முகாமி அந்த இடத்தைத் தேடிக் காத்திருந்து 2023 மே மாதம் காலமானார். அந்தக் குழி எங்கே என்று சொல்லும் ஒரு குறிப்பு, ஒரு வரைபடம் உங்கள் பெட்டிகளில் எங்காவது இருந்தால் அதை முதலில் கொடுங்கள். அதன் பிறகு மற்ற மூலத் தாள்களை அனுப்புங்கள். எவற்றையெல்லாம் எரித்தீர்கள் என்று அதிகாரிகள் கையெழுத்திட்டு வைத்த அழிப்புச் சான்றுகளையும் சேர்த்து அனுப்புங்கள். உங்களுக்கு வேண்டுமானால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இந்த மடலுக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். நைரோபியில் உள்ள கென்ய தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகன்