லிஸ்பன் போய் வந்த கையோடு

ரோட்டர்டாம்
ஜூன் 4

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. தங்கச்சி சொல்கிறபடி கேட்டு நட. மாடிப்படி ஏறுவதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பதில் தாமதமானதற்குக் காரணம், நாங்கள் இங்கே இல்லை. மகன் ஒரு வாரம் லீவு போட்டு எங்கள் இரண்டு பேரையும் போர்ச்சுகலில் உள்ள லிஸ்பனுக்கு அழைத்துப் போயிருந்தான். முந்தாநாள்தான் திரும்பினோம். உன் தங்கச்சிக்குக் கால்வலி இன்னும் போகவில்லை, ஆனால் முகத்தில் சந்தோஷம் இருக்கிறது.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். அடுத்த வருஷம் மகளைப் பார்க்க வரும்போது இரண்டு மூன்று ஊர் சுற்றலாம் என்றிருக்கிறாய், போன் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, வழிகாட்டி என்று தனியாக ஓர் ஆளை வைத்துக்கொள்வது வீண்செலவுதானே என்று. லிஸ்பனுக்குப் போவதற்கு முன்னால் கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுத மாட்டேன்.

முதல் நாள் நாங்கள் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து நடந்தோம். முப்பது பேர் இருக்கும். முன்னால் ஒரு பையன் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனான். நன்றாகப் பேசினான், ஆனால் நாங்கள் போய்ச் சேரும்போது அவன் பேசி முடித்து அடுத்த தெருவுக்குத் திரும்பியிருப்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, முப்பது பேரை மேய்ப்பது லேசான காரியமா? மத்தியானம் அறைக்கு வந்து படுத்தபோது, பார்த்தது எதுவும் மனசில் தங்கவில்லை. மஞ்சள் நிறக் கட்டடங்கள், ஒரு குதிரைச் சிலை, அவ்வளவுதான்.

மறுநாளைக்கு மகன் எங்களுக்கு மட்டும் என்று ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தான். தலைக்கு இவ்வளவு என்று கணக்கில்லை, மூன்று மணி நேரத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. நீங்கள் நாலைந்து பேராக வந்தால் அதுவே கட்டுப்படியாகும். வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, லிஸ்பனிலேயே பிறந்து வளர்ந்தவர். வந்ததும் நடக்க ஆரம்பிக்கவில்லை. எவ்வளவு தூரம் நடப்பீர்கள், எங்கே உட்கார வேண்டும், என்ன வேலை பார்த்தீர்கள், எந்த ஊர் என்று விசாரித்தார். தமிழ் வாத்தியார், தூத்துக்குடி என்றேன். முத்துக்குளித்துறையா என்று கேட்டார்! எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பிறகு, போட்டு வைத்திருந்த வழியை மாற்றுகிறேன், ஆற்றங்கரையிலிருந்து தொடங்கலாம் என்றார்.

முந்தின நாள் பார்த்த அதே இடம்தான். பிராசா டு கொமெர்சியு என்று பெயர். மூன்று பக்கம் மஞ்சள் கட்டடங்கள், நாலாவது பக்கம் கடல்போல விரிந்த தேஜு ஆறு. நடுவில் முதலாம் ஜோசே அரசர் குதிரைமேல் இருக்கிறார். அந்த அம்மா பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். சாந்தா லூசியா மேட்டில் நீல ஓடுகளில் வரைந்து வைத்திருக்கும் சித்திரத்தின் படம் அது. 1755 பூகம்பத்துக்கு முன்னால் இந்த இடம் இருந்த கோலம். ஆற்றை ஒட்டிக் கோபுரத்தோடு ஓர் அரண்மனை. கிழக்கேயிருந்து வந்த மிளகும் பட்டையும் கணக்கில் ஏறிய இந்தியா வீடு என்னும் அலுவலகமும் அந்த வளாகத்தில்தான் இருந்ததாம். படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் அரண்மனை, கீழே இறக்கினால் வெறும் வெளி. நான் அதை நாலைந்து முறை செய்து பார்த்தேன். அந்த அம்மா அவசரப்படுத்தாமல் நின்றார்.

அப்புறம் ஆற்றில் இறங்கும் படிக்கட்டில் உட்கார வைத்தார். தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும் படித்துறை. அங்கே உட்கார்ந்துதான் அந்த நாளைச் சொன்னார். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். காலை ஒன்பதரை மணியைத் தாண்டிய நேரம், ஊர் முழுக்கக் கோவிலில் பூசையில் இருக்கிறது, பீடமெல்லாம் மெழுகுவத்தி. பூமி ஆடுகிறது. கூரைகள் விழுகின்றன. தப்பியவர்கள் இடிபாடு இல்லாத இடம் தேடி ஆற்றங்கரைக்கு ஓடி வருகிறார்கள். தண்ணீர் உள்வாங்கித் தரை தெரிகிறது. சுமார் 40 நிமிஷம் கழித்து அலை வருகிறது. விழுந்த மெழுகுவத்தியும் அடுப்பும் வைத்த தீ நாள் கணக்கில் எரிகிறது.

மாப்ளே, அதைக் கேட்கும்போது என் மனசு நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. 2004 டிசம்பர் 26. அதுவும் திருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அதுவும் கடல் உள்வாங்கியதைப் பார்க்கப் பிள்ளைகள் இறங்கிப் போன கதை. நீ அங்கே முகாமில் இருந்த ஒரு மாதமும் வீட்டுக்குப் போன் பண்ணி இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. என் நண்பன் அப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்தவன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து பைஷா என்னும் கீழ்நகரம். முந்தின நாள் நேர் நேரான தெருக்கள், ஒரே மாதிரி வீடுகள் என்று சலிப்பாகப் பார்த்த இடம். இது உனக்குச் சொல்ல வேண்டிய பகுதி, நிதானமாகப் படி. இடிந்த ஊரைத் திரும்பக் கட்டும் பொறுப்பு தலைமைப் பொறியாளர் மனுவேல் டா மையாவிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 78! பழையபடியே கட்டலாம், தெருவை அகலப்படுத்திக் கட்டலாம், எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கிப் புதிதாகக் கட்டலாம், ஊரையே வேறிடத்துக்கு மாற்றலாம் என்று ஒவ்வொரு வழிக்கும் சாதக பாதகம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர்பெற்ற மந்திரி அதில் புதிய நகரைத் தேர்ந்தெடுத்தார். எவுஜேனியு டோஸ் சாந்தோஸ், கார்லோஸ் மார்டெல் என்ற இரண்டு பேர் வரைபடம் போட்டுக் கட்டினார்கள்.

அந்த அம்மா எங்களை ஒரு துணிக்கடைக்குள் அழைத்துப் போனார். கடைக்காரர் பழக்கமானவர் போல, தலையை மட்டும் அசைத்தார். உள்சுவரில் ஒரு கதவளவுக்குப் பூச்சை எடுத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். உள்ளே மரச்சட்டம். நேர்ச் சட்டம், குறுக்குச் சட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெருக்கல் குறி போல இரண்டு சட்டங்கள். இடைவெளியில் கல்லும் சுண்ணாம்புக் காரையும். ‘கயோலா’ என்றால் கூண்டு. வீடு முழுக்க இந்தக் கூண்டுதான் உள்ளே நிற்கிறது, சுவர் அதற்கு மேல் போர்த்தியது. பூமி ஆடினால் கல் உதிரலாம், கூண்டு வளைந்து கொடுத்து நிற்க வேண்டும் என்பது கணக்கு. மாதிரிக் கூண்டு செய்து, சுற்றிலும் சிப்பாய்களைக் கால் உதைத்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்கிறார்கள். நான் சட்டத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஆணி அடித்த இடம் கறுத்திருந்தது, மரம் வழவழவென்று இருந்தது. இதைப் பார்க்க நீ இல்லையே என்றுதான் அப்போது தோன்றியது.

அதோடு முடியவில்லை. அந்த இடம் ஆற்று வண்டல், ஈரத் தரை. அஸ்திவாரத்துக்கு அடியில் பைன் மர முளைகளை நெருக்கமாக அடித்து இறக்கியிருக்கிறார்கள். நனைந்தபடியே இருந்தால் மரம் மட்காதே, உனக்குத் தெரியாததா! ஒரு வங்கிக் கட்டடத்தின் நிலவறையில் அந்த முளைகளைக் காட்டுகிறார்கள். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அந்த அம்மா சொல்லி வைத்திருந்தார். அதற்கும் கீழே ரோமானியர்கள் மீனை உப்பில் ஊறப்போட்ட தொட்டிகள். கருவாட்டு ஊர்க்காரர்கள் நாங்கள் என்று உன் தங்கச்சி தமிழிலேயே சொல்ல, அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, அந்த அம்மா சிரித்த சிரிப்பு நிலவறையெல்லாம் கேட்டது. வெளியே வந்ததும் கூரைகளைக் காட்டினார். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் கூரையைத் தாண்டி மேலே போகிறது, ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க. முந்தின நாள் இதே தெருவில்தான் நடந்தேன், ஒன்றும் தெரியவில்லை. அந்த ஊரில் முக்கியமானதெல்லாம் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் இருக்கிறது. ஒருவர் நிறுத்தி இங்கே பார் என்று சொன்னால்தான் உண்டு.

தெருக்களுக்குத் தொழில்களை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். தங்கத் தெரு, வெள்ளித் தெரு. ஒரு பலகையில் ‘சபதெய்ரோஸ்’ என்றிருந்தது. என்ன அர்த்தம் என்றேன். செருப்பு தைக்கிறவர்கள், சபாத்து என்றால் ஷூ என்றார். சப்பாத்து! போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்து நம் தாத்தா வாயில் புழங்கிய சொல், யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் சொல்கிறார்களே. நான் மேலே கையைக் காட்டி ‘ஜன்னல்’ என்றேன், அவர் ‘ஜனேலா’ என்றார். ‘சாவி’ என்றேன், ‘ஷாவ்’ என்றார். ‘அலமாரி’ என்றேன், ‘அர்மாரியு’ என்றார். தெருமுனையில் நின்று இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். 1554இல் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட ஜெபப் புத்தகம் வெளிவந்தது இந்த ஊரில்தான், அதைத் தயாரித்ததில் நம் கரையிலிருந்து போன தமிழர்களின் கை உண்டு என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அந்த ஊர்த் தெருவில் கால் வைத்துச் சொல்வது வேறு. அவர் தன் நோட்டில் அந்த நாலு சொல்லையும் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார்.

ரோசியு சதுக்கத்தில் தரை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கல்லில் அலை அலையாகப் பதித்திருக்கிறார்கள். அழகுதான், ஆனால் வழுக்கும், நல்ல செருப்பு போட்டு வா. பக்கத்தில் சாவ் டொமிங்குஸ் கோவில். 1506இல் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற யூதர்களை ஊரார் கொன்ற கொடுமை அங்கேதான் தொடங்கியது. வாசலில் அதற்கு நினைவுக்கல் இருக்கிறது. 1959இல் கோவில் தீப்பற்றி எரிந்தது. திரும்பத் திறந்தபோது வெடித்த தூண்களை மறைத்துப் பூசாமல் விட்டுவிட்டார்கள். அந்த அம்மா நினைவுக்கல் முன்னால் குரலைத் தணித்து, எங்கள் ஊர் செய்தது இது என்று மட்டும் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவருக்குக் காசு கொடுக்கலாம்.

அப்புறம் மேட்டில் கார்மு மடம். 1755இல் கூரை விழுந்த கோவில், இன்னும் வளைவுகள் மட்டும் எலும்புபோல நிற்க மேலே வானம் தெரிகிறது. வெளியே சிறிய சதுக்கம், ஜகரண்டா மரங்கள் ஊதாப்பூவை உதிர்த்துக்கொண்டிருந்தன. 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகாரத்தின் கடைசிப் பிரதமர் கயெத்தானு அங்கிருந்த படைமனையில் ஒளிந்துகொள்ள, கேப்டன் சல்கெய்ரு மையா வீரர்களோடு வந்து சுற்றி வளைத்த இடம். ஜனங்கள் மரத்தின்மேல் ஏறி நின்று பார்த்தார்களாம், சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ. அந்த அம்மா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பா வானொலிக்கு முன்னால் அழுததுதான் ஞாபகம், அவர் அழுது அதற்கு முன் பார்த்ததில்லை என்றார்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிக்கும்போதுதான் கடைசியாக ஒன்று சொன்னார். பேசிய மூன்று மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. பூகம்பம் முடிந்ததும் பொம்பால் நாட்டில் உள்ள எல்லாக் கோவில் பங்குகளுக்கும் கேள்வித்தாள் அனுப்பினாராம். எத்தனை மணிக்கு ஆடியது, எவ்வளவு நேரம் ஆடியது, எந்தத் திசையில் அதிகம் ஆடியது, எத்தனை பேர் செத்தார்கள், கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, கிணற்றிலும் ஊற்றிலும் தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று. பங்குச் சாமியார்கள் எழுதி அனுப்பிய பதில்கள் தோர்ரே டு தொம்பு என்னும் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்றைக்கும் பூகம்பத்தை ஆராய்கிறவர்கள் அதைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள். அந்தக் காப்பகத்தின் ஆவணங்களையே இடிபாட்டிலிருந்து மீட்டுக் கரைசேர்த்தவர் நான் சொன்ன அந்தக் கிழவர், பொறியாளர் மனுவேல் டா மையாதான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நாகையிலிருந்து நீ திரும்பி வந்தபோது பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தாய். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தண்ணீர் எதுவரை வந்தது, மீனவர்கள் என்ன நேரம் சொன்னார்கள், கடல் எத்தனை தடவை வந்தது, எந்தக் கட்டடம் நின்றது, எது விழுந்தது என்று பென்சிலால் எழுதியிருந்தாய். ஆபீஸில் கேட்கவில்லை, நானாக எழுதினேன் என்றாய். அந்த அம்மாவிடம் அதைச் சொன்னதும் அந்த நோட்டு இப்போது எங்கே என்றுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பரணில் இருந்தால் உன் மகனை ஏறி எடுக்கச் சொல், நீ ஏறாதே. நான் ஆகஸ்டில் ஊருக்கு வருவேன். வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து நீ சொல்லச் சொல்ல நான் நல்ல தாளில் எழுதுகிறேன். என் கையெழுத்து இன்னும் கெடவில்லை.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். நீல ஓடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பூஜை அறையிலோ வாசலிலோ அவள் விருப்பம்போல் பதிக்கட்டும்.

என்றும் உன்,
வாத்தியார்