சூரியன் சீறினால் அண்டக் கதிர்கள் கூடுமா?

அன்பு மகளுக்கு,

வடதுருவ வழியாகப் பறக்கும் வாரத்தில் சூரியப் புயல் வந்தால், விண்ணிலிருந்து வரும் கதிர்கள் கூடிவிடுமோ என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் நடப்பது நேர்மாறானது அம்மா. சூரியனிலிருந்து பிய்த்தெறியப்படும் பிளாஸ்மா முகில், அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களின் திரள், தன் காந்தப்புலத்தையும் உடன் இழுத்து வருவதால், விண்மீன் மண்டலத்தின் தொலைவிடங்களிலிருந்து வரும் அண்டக் கதிர்த் துகள்கள் பூமியை எட்டுவதற்கு, பெருவெள்ளத்தை எதிர்த்து நீந்துகிறவன் படும் பாட்டைப் படவேண்டியிருக்கிறது. ஒரு நாளுக்குள் அவற்றின் அளவு சில விழுக்காடு, பெரும்புயலானால் அதைவிடக் கூடுதலாகவும் சரிந்து, பழைய நிலைக்கு மெல்ல மெல்ல ஏறப் பல நாட்கள் பிடிக்கிறது. அமெரிக்காவின் செல்டன்ஹாமிலும் பெருவின் உவான்காயோவிலும், அதாவது இரு வேறு கண்டங்களில், ஒரே காந்தப் புயலின்போது இந்தச் சரிவு பதிவானதை 1937-இல் எழுதியவர் அமெரிக்க இயற்பியலாளர் ஸ்காட் ஃபோர்புஷ். அதனால்தான் இதற்கு ஃபோர்புஷ் சரிவு என்று பெயர்.

இதற்கு விலக்கும் உண்டு; நம் ஊட்டியிலேயே அது பதிவாகியிருக்கிறது. அங்கு டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில், 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி இருக்கிறது; அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்களை அது எண்ணுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பூமியின் காந்தப்புலம் குறைந்த ஆற்றல் கொண்ட துகள்களைத் திருப்பிவிடும். ஆனால் 2015 ஜூன் 22 அன்று, சூரிய முகில் ஒன்று தெற்கு நோக்கிய தன் காந்தப்புலத்தோடு வந்து பூமியின் காந்தப்புலத்தில் மோதி அந்தக் காப்பைத் தளர்த்தியதால், வழக்கமாகத் தடுக்கப்படும் துகள்களும் உள்ளே நுழைந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மியூவான்களின் எண்ணிக்கை உயர்ந்தது. கதிர்களே பெருகிவிடவில்லை, வாயில்தான் சற்று அகன்றது என்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்.

உன் பயணத்துக்கு உண்மையில் பொருட்படுத்த வேண்டியது வேறொன்று. சில வெடிப்புகளில் சூரியனே உயர் ஆற்றல் புரோட்டான்களை அனுப்பிவிடுகிறது. 1956 பிப்ரவரி 23 அன்று வந்தவை தரையில் இருந்த கருவிகளிலேயே பதிவாகின. நிலநடுக்கோட்டுப் பகுதியில் உள்ள காந்தக் காப்பு துருவங்களில் இல்லை என்பதால், அத்தகைய நேரங்களில் விமானங்களைத் தாழப் பறக்கவோ, தெற்கே விலகிச் செல்லவோ சொல்வதுண்டு. அது அரிது, பயணச்சீட்டை மாற்ற வேண்டாம். வழி மாறுவதாக அறிவித்தால் மட்டும், நேரம் வீணாகிறதே என்று சலித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா