டாங்கிளைத் திட்டாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. ஆனால் பாதிக் கடிதம் அந்த லைசென்ஸ் டாங்கிளை, அதாவது கணினியில் செருகினால்தான் வண்டி மென்பொருள் ஓடும் என்கிற அந்த யூஎஸ்பி சாவியை, திட்டியே போய்விட்டதே! சிரித்துக்கொண்டுதான் படித்தேன். போன மாதம் நானும் இதே கூத்தை ஆடி முடித்தவன்.

திரையில் எச்0007 என்று பிழை எண் வருகிறது என்கிறாய். சென்டினல் என்ற பிராண்டு டாங்கிளில் அதற்கு 'சாவி தென்படவில்லை' என்றுதான் பொருள், லைசென்ஸ் முடிந்துவிட்டது என்றல்ல. அதனால் புதுப்பிக்கப் பணம் கட்ட ஓடாதே. முதலில் டாங்கிளில் விளக்கு எரிகிறதா பார். எரியாவிட்டால் நடுவில் இருக்கும் யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் கணினியின் பின்பக்க யூஎஸ்பியில் செருகு. அப்போதும் இருட்டுதான் என்றால் வேறொரு கணினியில் செருகிப் பார். உன் கணினியிலேயே விளக்கு எரிந்தால், அதன் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 1947 என்று ஆங்கிலத்தில் அடி. கணினிக்குத் தெரிகிற சாவிகளின் பட்டியல் வரும். உன்னுடையது அதில் இருந்தால் டாங்கிள் நன்றாக இருக்கிறது, மென்பொருள் பக்கம் தேடு. இல்லையென்றால் டாங்கிளைக் கணினிக்குப் புரியவைக்கிற டிரைவர் மென்பொருள் மேல்தான் என் சந்தேகம். பக்கமே திறக்கவில்லை என்றால் பின்னணியில் ஓடவேண்டிய லைசென்ஸ் மேனேஜர் சர்வீஸ் நின்றுபோயிருக்கும். ஆன்டிவைரஸ் அதைத் திருடன் என்று பிடித்து அடைத்து வைப்பதும் உண்டு.

டிரைவரை மறுபடி போடுவதானால் டாங்கிளைக் கழற்றிவிட்டுப் போடு. செருகியபடியே போட்டு நான் அரைநாளைத் தொலைத்தேன்.

என் கதை வேறு. வீல் அலைன்மென்ட் கணினியில் காலையில் மட்டும் லைசென்ஸ் செல்லாது என்று வரும். நெட் இணைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் தானாகச் சரியாகும். டிரைவர், கேபிள், போர்ட் எல்லாம் மாற்றிவிட்டேன். கடைசியில் பையன் ஒருவன் திரையின் மூலையைக் காட்டி, "தேதியைப் பாருங்கண்ணே" என்றான். பல வருடம் பின்னால் போயிருந்தது! மதர்போர்டில் கடிகாரத்துக்காக இருக்கும், காசு வடிவ 3 வோல்ட் பேட்டரி செத்துப்போய், இரவில் மின்சாரத்தை நிறுத்தியதும் கடிகாரம் பின்னோக்கி ஓடியிருக்கிறது. தேதியை மாற்றி ஏமாற்றப் பார்க்கிறான் என்று மென்பொருள் பூட்டிக்கொண்டது. நெட் வந்ததும் தேதி சரியாகி, பூட்டும் திறந்திருக்கிறது. நாள்தோறும் வண்டி பேட்டரியைச் சோதிக்கிறவனுக்கு இந்தப் பேட்டரி தோன்றவில்லை, பார்.

அப்புறம், டாங்கிளே வேண்டாம், அது இருப்பதுபோல் நடிக்கிற எமுலேட்டர் மென்பொருள் போட்டுத் தருகிறேன் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். அது சட்டப்படி தவறு. அதோடு எந்த வைரஸ் கூடவே வருமோ தெரியாது. வண்டி இன்ஜினை இயக்குகிற ஈசியூ என்ற மின்னணுப் பெட்டியில் புரோகிராம் எழுதுகிற கணினியில் அந்த விளையாட்டு எதற்கு?

சாவி வேலை செய்ய ஆரம்பித்ததும் லேப்டாப்பில் நீட்டிக்கொண்டிருக்க விடாதே, முழங்கை பட்டே ஒடிந்துவிடும். சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு உள்ளே தள்ளிக் கட்டு. தொலைத்தால் பெரும்பாலும் புது லைசென்ஸ்தான் வாங்கச் சொல்வார்கள்.

விளக்கு எரிந்ததா இல்லையா என்று மட்டும் உடனே எழுது. மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி