முதல் மாத்திரை எழுதும் முன்பு

அன்புள்ள மகனுக்கு,

எச்ஐவிக்கு எந்தக் கூட்டு மருந்தில் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். எது வலிமையானது என்று தேடித் தேடிக் குழம்பாதே, கண்ணா. இன்று முதலில் எழுதப்படும் கூட்டுகள் எல்லாமே வைரஸை நன்றாக அடக்குபவைதான். உன் உடம்பில் வேறு என்ன இருக்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்பதை வைத்துத்தான் உனக்கு எது பொருந்தும் என்று சொல்ல முடியும்.

பெரும்பாலோருக்குப் பொருந்துவது டோலுடெக்ராவிர் 50, லாமிவுடின் 300, டெனோஃபோவிர் 300 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை. நாளுக்கு ஒன்று போதும். டோலுடெக்ராவிரை எதிர்த்து வைரஸ் உருமாறுவது அரிது. அதனால்தான் அதற்கு முதலிடம். முன்பு எழுதிய எஃபாவிரென்ஸ் பலருக்குத் தலைசுற்றலையும் கெட்ட கனவுகளையும் கொடுத்தது.

முதலில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான பரிசோதனை முடிவைக் கேள். இதை மட்டும் விட்டுவிடாதே. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கும். அது உனக்கு இருந்தால் டெனோஃபோவிர் உள்ள கூட்டுதான் சரி. டோலுடெக்ராவிரும் லாமிவுடினும் மட்டும் உள்ள இரு மருந்து மாத்திரை உதவாது: லாமிவுடினை மட்டும் நம்பினால் ஹெபடைடிஸ் பி வைரஸ் அதற்குப் பழகிவிடும். பிற்பாடு டெனோஃபோவிரை டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று வீங்கிக் கெட்டுப்போகலாம். வைரல் லோடு, அதாவது ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள எச்ஐவி வைரஸின் அளவு, 5 லட்சத்துக்கு மேல் இருந்தாலும் இரு மருந்தில் தொடங்குவதில்லை.

அடுத்தது சிறுநீரகம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை அளவான கிரியேட்டினின் ஏற்கெனவே அதிகமாக இருந்தாலோ எலும்பு தேய்ந்திருந்தாலோ டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்ற இன்னொரு வடிவம் உண்டு. சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் அது இதமானது. அபாகாவிர் என்ற வேறொரு எச்ஐவி மருந்தை எழுதினால், எச்எல்ஏ-பி 5701 மரபணுப் பரிசோதனை முடிவு வராமல் ஒரு மாத்திரைகூட விழுங்காதே. அந்த மரபணு உள்ளவர்களுக்குக் காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்று கடும் ஒவ்வாமை வரலாம். வந்து நிறுத்திய பிறகு மறுபடி எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

டிபி இருந்தால் கணக்கு மாறும். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். ஆகவே 12 மணி நேர இடைவெளியில் 50 மில்லிகிராம் இரண்டு வேளை வேண்டும். டிபியோ கிரிப்டோகாக்கஸ் கிருமியோ மூளைக்காய்ச்சலாக வந்திருந்தால், எச்ஐவி மருந்தைச் சில வாரம் தள்ளித்தான் தொடங்குவார்கள். அந்தத் தாமதம் உன் நன்மைக்கே, பயப்படாதே.

வீட்டில் உள்ள மாத்திரைகள், சத்து மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. அலுமினியமோ மெக்னீசியமோ உள்ள நெஞ்செரிச்சல் மருந்து டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ டோலுடெக்ராவிரைப் போடு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே இடைவெளிதான். கால்சியம், இரும்புச்சத்தை மட்டும் சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம்; நெஞ்செரிச்சல் மருந்துக்கு அது பொருந்தாது. டோலுடெக்ராவிரோடு எடுக்கும்போது சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வலிப்பு மருந்து எடுத்தால் அதையும் சொல். எச்ஐவி வராமலிருக்க முன்பு ஏதாவது மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் மறைக்காதே, ப்பா. அதைப் பொறுத்து மருந்து எதிர்ப்புப் பரிசோதனையும் தேர்வும் மாறும்.

தொடங்கிய முதல் மாதத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். கிரியேட்டினின் சிறுநீரில் வெளியேறும் ஒரு வழியை டோலுடெக்ராவிர் அடைப்பதால் வரும் ஏற்றம் அது. சிறுநீரகம் கெட்டதாக அர்த்தமில்லை. தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால்தான் டெனோஃபோவிரைச் சந்தேகிக்க வேண்டும். தூக்கம் வராவிட்டால் மாத்திரையைக் காலைக்கு மாற்று. எடை கூடலாம், அதைக் குறித்து வை.

ஆறு மாதத்துக்குள் வைரல் லோடு 50க்குக் கீழே வந்துவிட வேண்டும். வராவிட்டால் மாத்திரை தவறியதா, நெஞ்செரிச்சல் மருந்தோடு சேர்ந்துவிட்டதா என்று முதலில் பார். ஹெபடைடிஸ் பி, கிரியேட்டினின் முடிவுகள் வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா