கூலி இல்லாமல் சுமப்பது யார்? அறிவியல் விழா நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நடுவர் குழுவினருக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்றும் இந்த ஊரிலேயே குடியிருக்கும் ஒரு தகப்பன் எழுதுகிறேன். சென்ற மாதம் உங்கள் விழாவில் ஆறாம் ஆண்டு மாணவர் மூவரின் படைப்பு முதல் சுற்றிலேயே கழிக்கப்பட்டது. மதிப்பெண் தாளில் இருந்த காரணம் ஒரே வரி: "கணினிப் படம் மட்டும், செய்முறை இல்லை." மூவரில் ஒருத்தி என் மகள். எனவே எனக்குப் பாரபட்சம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசு கேட்டு எழுதவில்லை. அந்த வரியைத்தான் விழுங்க முடியவில்லை.

பிள்ளைகள் எடுத்துக்கொண்டது சிறுகுடல் உயிரணுவின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். குளுக்கோஸை உள்ளே சேர்க்கும் வாசல் அது. வெளிப்பக்கம் திறந்திருக்கும்போது உட்பக்கம் அடைத்திருக்கும். புரதம் உருமாறியதும் உட்பக்கம் திறக்கும், வெளிப்பக்கம் அடைபடும். இப்படி மாறி மாறித் திறக்கும் வாசலை 1966-இல் ஜார்டெட்ஸ்கி என்ற அறிவியலாளர் விளக்கினார். ஒரு குளுக்கோஸ் உள்ளே போக, உப்பில் இருக்கும் சோடியம் இரண்டு கூடவே வரவேண்டும். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுக்கிறோமே, அது உடம்பில் தங்குவதற்கு இந்தச் சேர்க்கைதான் காரணம்.

ஸ்கிராட்ச் என்ற, பிள்ளைகளுக்கான நிரல்மொழியில் வட்டங்களை ஓடவிட்டு இதைச் செய்தார்கள். முதல் ஓட்டத்தில் சோடியத்தைச் சேர்க்கவே இல்லை. ஆனாலும் சர்க்கரை உள்ளே குவிந்துகொண்டே போனது. மூவருக்கும் தலைகால் புரியாத மகிழ்ச்சி. சாய்வு நாற்காலியில் இருந்த என் அப்பா திரையை எட்டிப் பார்த்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, தமக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரைக்குப் போனவர். "கூட்டம் குறைவான பக்கத்திலிருந்து கூட்டம் நிறைந்த பக்கத்துக்குச் சுமக்கிறதே, கூலி கொடுப்பது யார்?" என்று கேட்டார்.

பிள்ளைகளிடம் பதில் இல்லை. இரண்டு நாள் நிரலைக் குடைந்து பிழையைக் கண்டுபிடித்தார்கள். சர்க்கரை ஏறாத வெறும் வாசல் எப்போதும் வெளிப்பக்கம் மட்டுமே திரும்பும்படி எழுதியிருந்தார்கள். உள்ளே இருக்கும் சர்க்கரை திரும்பி ஏற வழியே இல்லை. அதைத் திருத்தியதும் இரு பக்கமும் சமமாகி நின்றது. பிறகு சோடியத்தை வெளியே மிகுதியாகவும் உள்ளே குறைவாகவும் வைத்து ஓட்டினார்கள். அப்போதுதான் சர்க்கரை நியாயமாக உள்ளே ஏறியது. சோடியம் தன் சரிவில் இறங்குவதுதான் கூலி. இது செய்முறை இல்லை என்றால் வேறு எதைச் செய்முறை என்பது?

ஆய்வுக்கூடக் கணினிகளில் நடப்பது இதைவிடப் பன்மடங்கு பெரியது என்பது எனக்குத் தெரியும். அங்கே ஒவ்வோர் அணுவின் மீதும் விழும் விசையைக் கணக்கிட்டு, அணுக்களை ஒரு பொட்டு நகர்த்தி, மறுபடி கணக்கிடுகிறார்கள். ஓர் அடிக்கு ஏறத்தாழ 2 ஃபெம்டோ விநாடி (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது ஒரு விநாடியின் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு). ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை எட்டவே 50 கோடி அடிகள் வேண்டும். 1977-இல் முதன்முதலாக ஒரு புரதத்தை இப்படி ஓட்டியபோது 10 பிக்கோ விநாடிகூடத் தாண்டவில்லை (ஒரு பிக்கோ விநாடி என்பது ஆயிரம் ஃபெம்டோ விநாடி). அதில் பங்குகொண்ட மார்ட்டின் கார்ப்ளஸுக்கு, லெவிட், வார்ஷெல் இருவரோடும் சேர்த்து, 2013-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கணினியில் செய்த வேலைக்குத்தான் கிடைத்தது.

ரப்பர் மரத்திலும் இதே கதை உண்டு. வெட்டுப்பட்டைக்கு மருந்து பூசினால் பால் கூடும், ஆனால் நீர்த்துப்போகும் என்பது பால் பிடிக்கும் மங்கு ஏந்திய எல்லாருக்கும் தெரியும். மருந்திலிருந்து வெளிப்படும் எத்திலீன், சவ்விலுள்ள நீர்வாசல் புரதங்களைப் பெருக்குகிறது, அக்கம்பக்கத்து உயிரணுக்களின் நீர் பால்குழாய்க்குள் வருகிறது என்று 2009-இல் தாய்லாந்து, பிரான்ஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த வகைப் புரதத்தைக் கண்டறிந்தவர் பீட்டர் ஆக்ரி. 2003-இல் நோபல் பெற்றார். அதன் நடுவே நீர் மூலக்கூறு வரிசையில் வந்து ஒருமுறை புரண்டு போவதை 2001-இல் கணினியில்தான் பார்த்தார்கள். இதைச் சொன்னபோது அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நாங்கள் தண்ணீரையும் சுமந்திருக்கிறோம்" என்றார்.

பிள்ளைகள் பக்கமும் குறை உண்டு. உப்புச் சர்க்கரை நீரை வைத்து மேசைமேல் ஒரு சோதனையாவது காட்டியிருக்கலாம். நானே சொன்னேன், கேட்கவில்லை. கணினி நாம் ஊட்டியதைத்தான் கக்கும் என்ற உங்கள் ஐயமும் தவறில்லை. ஆனால் அந்த ஐயத்தைக் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு மதிப்பெண் தாளில் இரண்டு வரிகள் சேருங்கள்: நிரலுக்கு நீ கொடுத்த விதிகள் எவை? நீ எதிர்பாராமல் அது காட்டியது எது?

இன்னொரு சிறு வேண்டுகோள். மாணவர்களின் பதிவேடு இன்னும் உங்களிடம் இருக்கிறது. நீல அட்டை போட்டது. கூலி கேட்ட அன்று அப்பா தம் கையாலேயே ஒரு பக்கத்தில் வாசல் படம் வரைந்தார். அதை மட்டுமாவது பள்ளிக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர், சுங்கை சிப்புட்