பெயர் சொல்ல முடியாத நன்றி மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை இந்த மாதத்தோடு ஒப்படைக்கிறேன். யாரும் ஒரே பொறுப்பில் வேர்விட்டு உட்காரக் கூடாது என்பது நம் விதி. நல்ல விதிதான், எனக்குத்தான் மனம் வரவில்லை. போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தால் ஒரு சங்கடம். குடியிலும் போதையிலும் சிக்கியவர்களின் குடும்பத்தினர் கூடிப் பேசும் நம் குழுவே, அறைக்குள் கேட்ட பெயர்களை வெளியே சொல்வதில்லை என்ற வாக்கின்மேல்தான் நிற்கிறது. ஆகவே பெயர்களை விட்டுவிட்டு, அவரவர் செய்த வேலையைச் சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குப் புரியும்.

முதல் நன்றி தொலைபேசிப் பொறுப்பில் இருந்த அம்மாவுக்கு. வீட்டில் ஒருவர் போதையில் சிக்கியிருக்கிறார் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய் திறப்பது எளிதல்ல. பலர் மறுமுனையில் குரல் கேட்டதுமே இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். சிலர் "என் தோழிக்காகக் கேட்கிறேன்" என்பார்கள். அம்மாவும் சளைக்காமல் அந்தத் தோழியின் நலத்தையே விசாரித்துக்கொண்டிருப்பார். அந்தத் தோழி யார் என்று ஒருநாளும் துருவியதில்லை. கணவரோ மகனோ எவ்வளவு குடிக்கிறார் என்ற கேள்வி அவரிடம் கடைசியில்தான் வரும். "இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா? வீட்டில் கை ஓங்குகிறாரா? நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று?" என்பவை முதலில் வரும். இந்த வரிசையை நாங்கள் எல்லோரும் அவரிடமிருந்துதான் படித்தோம்.

செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் எங்களோடு சேர்ந்த அக்காவுக்கு அடுத்த நன்றி. குடும்பங்கள் நல்லெண்ணத்தோடு எடுக்கும் சில முடிவுகள் உயிருக்கே உலை வைப்பவை. பல ஆண்டுகளாக நாள் தவறாமல் அதிகமாகக் குடித்தவரை அறையில் பூட்டி வைத்து, "நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் சரியாகிவிடும்" என்று காவல் இருப்பது அவற்றில் ஒன்று. அப்படிச் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும் என்பதையும், அதற்குப் பிறகும் கடும் நடுக்கம், காய்ச்சல், இல்லாத உருவங்கள் தெரியும் அளவுக்கு மனக்குழப்பம் என்று நிலை முற்றக்கூடும் என்பதையும் அக்கா சொல்லித்தான் எங்களில் பலர் அறிந்தோம். இப்படிப் பூட்டி வைத்திருந்த ஒரு குடும்பத்தினர் ஓர் இரவு அழைத்தபோது அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "கதவைத் திறங்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்" என்றார். நம் கையில் இருப்பது எது, மருத்துவர் கையில் இருப்பது எது என்று இவ்வளவு தெளிவாக வைத்திருந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

வாசலுக்கு அருகில் உட்காரும் ஐயாவைப் பற்றி எழுதத்தான் தயங்கினேன். எழுதலாம் என்று அவரே சொன்னார். அவருடைய மகன் ஓபியாய்டு எனப்படும் அபின் வகை மருந்துகளுக்கு அடிமையாகி, சிகிச்சை முடித்து, தெளிந்த முகத்தோடு வீடு திரும்பியவன். சில வாரங்கள் கழித்து ஒரே ஒரு முறை பழைய அளவையே எடுத்துக்கொண்டான். பயன்பாட்டை நிறுத்தியிருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துபோயிருந்தது, மூச்சு நின்றுவிட்டது. ஐயா இனி வரமாட்டார் என்றே நாங்கள் நினைத்தோம். அவரோ வந்தார். யாராவது "நாளை மகன் சிகிச்சையிலிருந்து வருகிறான்" என்று மகிழ்ச்சியோடு சொன்னால், கூட்டம் முடியும்வரை காத்திருந்து, தனியே அழைத்துப் போய்ப் பேசுவார். திரும்பி வரும் நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை என்பார். ஓபியாய்டு அளவு மீறி நின்றுபோகும் மூச்சை நாலாக்சோன் என்ற மருந்து மீட்டுத் தரக்கூடும் என்பதையும், அதை வீட்டில் வைத்துக்கொள்ள மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதையும், கொடுத்த பிறகும் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும் என்பதையும் சொல்லித் தருவார். தன் மகனின் கதையை அவராக எடுப்பதில்லை. கேட்டால் மட்டும் சொல்வார். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே சொல்லிவிட்டுப் போகிறேன்.

இனி, என்னைப் பாடாய்ப்படுத்திய இருவர். ஒருவர் நம் மூத்த உறுப்பினர்; மற்றவர் உளவியல் படித்துவிட்டு வந்த இளைஞர். பெரியவர், குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கான அல்-அனான் அமைப்பின் வழியில் வந்தவர். குடியை விட விரும்புவோருக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935இல் தொடங்கிய பிறகு, குடியை விட முயன்றவர்கள் உள்ளே கூடிப் பேச, உடன் வந்த மனைவிமார் காத்திருந்த கதையை அவர் சலிக்காமல் சொல்வார். அதன் நிறுவனர்களில் ஒருவரின் மனைவியான லோயிஸ் வில்சனும் அந்த மனைவிமாரில் ஒருவர். 1951இல் குடும்பத்தினருக்கென்று அல்-அனான் தனி அமைப்பாக உருவானதற்கு அவரே முதற்காரணம். "இதை நான் உண்டாக்கவில்லை; என்னால் கட்டுப்படுத்த முடியாது; என்னால் குணப்படுத்தவும் முடியாது" என்று பெரியவர் சொல்லும்போது, தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்ட தாய்மார்களின் முகம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

இளைஞருக்கு அது போதவில்லை. குடும்பத்தினர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது என்பார். குடிப்பவர் நிதானமாக இருக்கும் நேரத்தைக் கண்டுகொண்டு அன்போடு பேசுவது, குடித்திருக்கும்போது வாதம் செய்யாமல் விலகுவது, அவருடைய குடியால் வரும் விளைவுகளை நாம் ஓடிப்போய்ச் சுமக்காமல் இருப்பது, அவரே சலித்துப்போகும் தருணத்தில் சிகிச்சையைப் பற்றி எடுத்துச் சொல்வது என்று பயிற்சியே கொடுப்பார். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், இம்முறையைக் கற்ற குடும்பத்தினரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரால், மறுத்துக்கொண்டிருந்தவரைச் சிகிச்சையில் சேர்க்க முடிந்தது என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். "என் வழி அவரைத் திருத்துவதற்கானதே அல்ல" என்பது பெரியவரின் பதில். கூட்டம் முடிந்து விளக்கை அணைத்த பிறகும் இருவரும் வாசலில் நின்று வாதாடுவார்கள். சாவியோடு காத்திருந்தவள் நான். நடுவராக என் தீர்ப்பு: என் உறக்கத்தைத் திருப்பித் தந்தவர் பெரியவர்; என் தம்பியிடம் மறுபடி பேசக் கற்றுத் தந்தவர் இளைஞர். இருவரும் தொடர்ந்து சண்டை போடுங்கள்.

பக்கத்து அறையில் பிள்ளைகளோடு இருந்த ஆசிரியைக்கும் நன்றி. நாம் குழந்தைகளை மறந்துவிடுகிறோம். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்று பழக்கப்பட்ட பிள்ளைகளிடம் அவர் எதையும் கேட்டதில்லை. படம் வரைய விட்டார், விளையாட விட்டார், அவர்களாகப் பேசியபோது கேட்டார். ஒரு சிறுவன் வீட்டில் யார் எப்போது உரக்கப் பேசுவார்கள் என்று நேரவாரியாக ஒப்பித்ததை அவர் சொன்னபோது பெரியவர்கள் நாங்கள் தலைகுனிந்துகொண்டோம்.

நாற்காலி போட்டவர்கள், கூட்டிப் பெருக்கியவர்கள், கடிகாரத்தைப் பார்த்து என் பேச்சை நயமாக நிறுத்தியவர், குடியை விட்ட பிறகும் வந்து எங்கள் கோபமான கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்ன அண்ணன்கள் எல்லோருக்கும் நன்றி. இடம் தருவதாகச் சொல்லிவிட்டு, "குடிகாரக் குடும்பங்கள் கூடினால் பெயர் கெடும்" என்று கடைசி நேரத்தில் கைவிரித்தவர்களை இங்கே விட்டுவிடுகிறேன். நன்றி மடலில் அவர்களுக்கு என்ன வேலை!

தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். சில மாதங்கள் தெளிவாக இருக்கிறான், பிறகு சறுக்குகிறான், மறுபடி மருத்துவரிடம் போகிறான். முன்பெல்லாம் சறுக்கியதை மறைப்பான். இப்போது அவனே சொல்கிறான்.

கடைசியாக, தம்பியின் மனைவிக்கு. நான் கூட்டங்களில் பேசியதில் பாதி அவள் வாழ்க்கை. "என் பேர் வராமல் சொல்லுங்கள் அண்ணி, யாருக்காவது பயன்படட்டும்" என்று அனுமதி தந்தவள் அவள். இந்த மடலையும் அவளிடம் காட்டினேன். அவளைப் புகழ்ந்து எழுதியிருந்த பத்தி முழுவதையும் அடித்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாம், மற்றதை அனுப்புங்கள்" என்று திருப்பிக் கொடுத்தாள். அனுப்புகிறேன்.

நன்றியுடன்,
உங்களில் ஒருத்தி